டோனி பென்னும் பிரிட்டனின் எரிசக்திக் கொள்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1975 ஜூன் 18 அன்று, தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள கிரெய்ன் தீவின் சுத்திகரிப்பு ஆலையில் ஓர் எண்ணெய்க் கப்பல் வந்து நின்றது. வடகடலில் பிரிட்டனுக்கு உரிய பகுதியில் எடுக்கப்பட்ட எண்ணெய் முதன்முதலாகக் கரைசேர்ந்தது அன்றுதான். வால்வைத் திருகி அந்த எண்ணெயைக் கரைக்கு இறக்கிய டோனி பென், எரிசக்தித் துறை அமைச்சராகி எட்டே நாள்கள் ஆகியிருந்தன. 1979 மே வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். எண்ணெய், அணுமின்சாரம், நிலக்கரி ஆகிய மூன்றிலும் பிரிட்டன் எடுத்த முடிவுகள் பல அந்த நான்கு ஆண்டுகளில் பிறந்தவை. அவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

டோனி பென் யார்?

1925 ஏப்ரல் 3 அன்று லண்டனில் பிறந்த பென், தொழிற்கட்சியின் சார்பில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அவருடைய தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தார். தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது லண்டனில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியைச் சிறுவனாக இருந்தபோது பார்த்ததைப் பென் முதுமையிலும் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1950இல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி அவரை மக்கள் சபைக்கு அனுப்பியது. தந்தைக்குப் பிற்காலத்தில் ஸ்டான்ஸ்கேட் பிரபு என்ற பட்டம் வழங்கப்பட்டிருந்தது. 1960இல் தந்தை இறந்ததும் அந்தப் பட்டம் மகனுக்கு வந்து சேர்ந்தது. பிரபுவாகிவிட்டவர் மக்கள் சபையில் அமர முடியாது என்பது சட்டம். பென் அதை ஏற்க மறுத்தார். 1961 இடைத்தேர்தலில் அதே தொகுதி மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தும் அந்த வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பட்டத்தைத் துறக்கும் உரிமையை வழங்கும் சட்டம் 1963 ஜூலையில் நிறைவேறிய பிறகே அவர் சபைக்குத் திரும்பினார். பிறப்பால் வரும் அதிகாரத்தை ஏற்காத அந்தப் பிடிவாதத்தை மனத்தில் கொண்டால்தான், எண்ணெய் நிறுவனங்களோடும் அணுசக்தி அதிகாரிகளோடும் பின்னாளில் அவர் நடத்திய போராட்டங்கள் விளங்கும்.

எரிசக்தித் துறை அவருக்குக் கிடைத்தது பதவி உயர்வாலா?

இல்லை, அது ஒரு பதவி இறக்கம். 1974 மார்ச் முதல் தொழில் துறை அமைச்சராக இருந்த பென், பெரிய நிறுவனங்களில் அரசு பங்கு எடுக்க வேண்டும் என்றும், மூடப்படும் ஆலைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தி வந்தார். தொழில் உலகமும் பெரும்பாலான செய்தித்தாள்களும் அவரைக் கடுமையாகத் தாக்கின. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நீடிப்பதா என்று தீர்மானிக்க 1975 ஜூன் 5 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். மூன்றில் இரு பங்கு வாக்காளர்கள் நீடிப்பதற்கு ஆதரவளித்தார்கள். சில நாள்களுக்குள் பிரதமர் ஹெரால்ட் வில்சன், பென்னையும் எரிசக்தி அமைச்சர் எரிக் வார்லியையும் இடம் மாற்றினார்.

எரிசக்தித் துறை 1974 ஜனவரியில்தான், எண்ணெய் விலையேற்றத்துக்கும் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்துக்கும் நடுவே, தனித் துறையாக உருவாக்கப்பட்டிருந்தது. ஓரங்கட்டப்பட்ட ஒருவருக்கு ஏற்ற சிறிய இடம் என்று அதை அப்போது பலர் கருதினார்கள். வரலாறு அந்தக் கணிப்பைப் பொய்யாக்கிவிட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் பிரிட்டனின் எதிர்காலத்தை அந்தத் துறையைவிட அதிகமாகத் தீர்மானித்த துறைகள் கருவூலத்தைத் தவிர வேறு இருந்தனவா என்பது ஐயத்துக்குரியது.

அதற்கு முன் எரிசக்தியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

இருந்தது. 1964 முதல் 1966 வரை அஞ்சல் துறைத் தலைவராகவும், 1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப அமைச்சராகவும் பணியாற்றியவர் அவர். அணுசக்தி ஆணையம் தொழில்நுட்ப அமைச்சின்கீழ் இயங்கியது. 1969இல் மின்சாரம், நிலக்கரி, எரிவாயு ஆகியவற்றைக் கவனித்து வந்த அமைச்சும் அதோடு இணைக்கப்பட்டது. கான்கார்டு விமானத்தை உற்சாகமாக ஆதரித்த அந்தக் காலப் பென், அறிவியல் வளர்ச்சியின் மேல் முழு நம்பிக்கை கொண்டவர். அணுமின்சாரம் மலிவானது, தூய்மையானது, அமைதிக்கு உகந்தது என்று உளமார நம்பினார்.

வடகடல் எண்ணெய் விஷயத்தில் அவர் செய்ய விரும்பியது என்ன?

கடலடியில் உள்ள எண்ணெய் மக்களுக்குச் சொந்தம் என்பது சட்டப்படி ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டிருந்தது. ஆனால் 1960களில் வழங்கப்பட்ட உரிமங்கள், அதை எவ்வளவு வேகமாக எடுப்பது, யாருக்கு விற்பது, எந்த நாட்டில் சுத்திகரிப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தன. அரசுக்குப் போதிய தகவல்கூடக் கிடைக்கவில்லை. இந்த நிலையை மாற்றுவதற்காக 1975ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கடலடிக் குழாய்வழிச் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் தேசிய எண்ணெய்க் கழகம் நிறுவப்பட்டது. கியர்ட்டன் பிரபுவின் தலைமையில், கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்டு, 1976 ஜனவரி 1 அன்று அது செயல்படத் தொடங்கியது. சட்டத்தின் வரைவு வார்லியின் காலத்தில் உருவானது. அதற்கு உயிர் கொடுத்து, நிறுவனங்களோடு ஒவ்வொன்றாகப் பேசி ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கும் பணி பென்னின் அமைச்சுக்கு வந்தது.

அந்தப் பேச்சுவார்த்தைகள் நீண்டவை, சலிப்பூட்டுபவை. அமெரிக்க நிறுவனங்கள் சில எளிதில் இணங்கவில்லை. நிறுவனங்களின் கையில் ஒரு வலுவான பிடியும் இருந்தது: 1975 இறுதிக்குள் கண்டுபிடிக்கப்படும் எண்ணெய் வயல்களில் 1982 வரை உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல மாட்டோம் என்று 1974 டிசம்பரில் வார்லி வாக்குறுதி அளித்திருந்தார். எனவே, எண்ணெயை மெதுவாக எடுத்து வரும் தலைமுறைகளுக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்ற எண்ணம் பென்னுக்கு எவ்வளவு இருந்தாலும், பெரிய வயல்களில் அதைச் செயல்படுத்த வழி இல்லை. அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது புதிய உரிமங்களில்தான். ஐந்தாம் சுற்று உரிமங்களில் தேசியக் கழகம் 51 விழுக்காடு பங்காளியாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது.

அந்த 51 விழுக்காடு உண்மையில் எதைக் குறித்தது?

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய உரிமங்களைப் பொறுத்தவரை, அரசு எண்ணெய் வயல்களில் பாதியைப் பறித்துக்கொண்டது என்று பொருள் அல்ல. நிறுவனங்களுக்கு இதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதே பேச்சுவார்த்தையின் அடிப்படை. எடுக்கப்படும் எண்ணெயில் 51 விழுக்காட்டைச் சந்தை விலை கொடுத்து வாங்கும் உரிமை தேசியக் கழகத்துக்குக் கிடைத்தது. வயல்களை நடத்தும் குழுக்களில் ஓர் இருக்கையும் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தில் பெரிதாகத் தெரியாத இந்த இரண்டும் முக்கியமானவை. எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தால் நாட்டின் கையில் சரக்கு இருக்கும். உள்ளே அமர்ந்து கேட்பதற்கு ஓர் ஆளும் இருப்பார். பென் மிக அதிகமாக மதித்தது இரண்டாவதைத்தான் என்று அவருடைய செயல்களை வைத்துச் சொல்லலாம்.

நேரடி உடைமையும் ஓரளவு இருந்தது. நிதி நெருக்கடியில் சிக்கி 1975 ஜனவரியில் இங்கிலாந்து வங்கியால் காப்பாற்றப்பட்ட பர்மா ஆயில் நிறுவனத்தின் வடகடல் பங்குகள் தேசியக் கழகத்தின் கைக்கு வந்தன.

பி.பி. (பிரிட்டிஷ் பெட்ரோலியம்) நிறுவனத்தின் பங்குகளை விற்றதும் அவர் இருந்த அரசுதானே?

ஆம். 1976 இறுதியில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்கிய அரசு, செலவைக் குறைத்துப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. கடனின் நிபந்தனைகளை அமைச்சரவைக்குள் எதிர்த்து, இறக்குமதிக் கட்டுப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட மாற்றுத் திட்டத்தை முன்வைத்தவர்களில் பென் ஒருவர். அவர் தோற்றார். 1977 ஜூனில் பி.பி.யின் 17 விழுக்காடு பங்குகள் 56 கோடி பவுண்டுக்கும் மேல் விற்கப்பட்டு, அரசுசார்ந்த பங்கு 68 விழுக்காட்டிலிருந்து 51ஆகக் குறைந்தது. ஒரு பக்கம் புதிய அரசு எண்ணெய்க் கழகத்தை வளர்த்துக்கொண்டே மறுபக்கம் பழைய அரசுப் பங்கை விற்பது பொருந்தாது என்பது அவருடைய வாதம். பின்னாளில் கன்சர்வேட்டிவ் அரசு பெரிய அளவில் நடத்திய தனியார்மயத்துக்குத் தொழிற்கட்சியே முன்மாதிரி காட்டிவிட்டது என்ற வருத்தம் அக்கட்சியின் இடதுசாரிகளிடம் நீண்ட காலம் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது.

எண்ணெய் வருவாயைச் சேமிக்கத் தனி நிதியம் ஏன் அமைக்கப்படவில்லை?

அந்த யோசனை அமைச்சரவையின் முன் வந்தது. வருவாயைத் தனியாக ஒதுக்கி, தொழில்களைப் புதுப்பிக்கவும் பின்தங்கிய வட்டாரங்களை முன்னேற்றவும் செலவிட வேண்டும் என்று கேட்டவர்களில் பென்னும் இருந்தார். எல்லா வருவாயும் பொதுக் கணக்கில்தான் சேர வேண்டும் என்ற மரபைக் கருவூலம் விட்டுக்கொடுக்கவில்லை. 1978 மார்ச்சில் வெளியான வெள்ளை அறிக்கையோடு அந்த யோசனை கைவிடப்பட்டது. 1984-85 நிதியாண்டில் வடகடலிலிருந்து கிடைத்த வரி வருவாய் சுமார் 1,200 கோடி பவுண்டு. அந்தப் பணம் ஆண்டுச் செலவுகளோடு கலந்து கரைந்தது.

நார்வேயோடு ஒப்பிடுவது இங்கே வழக்கம். நார்வே 1972இல் அரசு எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கி, 1990இல் நிதியத்துக்கான சட்டத்தை இயற்றியது. இன்று அது உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதியங்களுள் ஒன்று. ஆயினும் நார்வேயின் மக்கள்தொகை பிரிட்டனுடையதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பதை மறந்து இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல. தலைக்கு அவ்வளவு செல்வம் பிரிட்டனில் ஒருபோதும் சேர்ந்திருக்காது. ஆனால், ஒரு முறை மட்டுமே கிடைக்கும் வருவாயை ஆண்டுதோறும் வரும் வருவாய்போலச் செலவிடக் கூடாது என்பதற்குச் சிறிய நாடு, பெரிய நாடு என்ற வேறுபாடு இல்லை.

அணு உலை வகையைத் தேர்ந்தெடுப்பதில் என்ன சர்ச்சை?

1974இல் வார்லி, கனநீரைப் பயன்படுத்தும் ஒரு பிரிட்டிஷ் உலை வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் செலவும் சிக்கலும் வெளிப்பட்டுவிட்டன. மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, வாயுவால் குளிர்விக்கப்படும் மேம்பட்ட பிரிட்டிஷ் உலை. மற்றொன்று, அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த அழுத்த நீர் உலை.

அழுத்த நீர் உலைக்கு ஆதரவாக நின்றவர்கள் வலிமை வாய்ந்தவர்கள். பிரிட்டனின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை நடத்திய ஆர்னால்டு வைன்ஸ்டாக், எரிசக்தித் துறையின் தலைமை விஞ்ஞானியான வால்டர் மார்ஷல், அமைச்சரவைக்கு ஆலோசனை கூறும் கொள்கை ஆய்வுக் குழு ஆகியோர் அதில் அடங்குவர். வாயுக் குளிர்விப்பு உலைகளின் வரலாறோ பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1965இல் தீர்மானிக்கப்பட்ட டன்ஜனெஸ் பி நிலையம் அப்போதும் கட்டி முடிக்கப்படவில்லை. அது மின்சாரம் தந்தது 1983இல்தான். அப்படியிருந்தும் பென், அழுத்த நீர் உலையின் பாதுகாப்பு பிரிட்டிஷ் ஆய்வாளர்களால் முழுமையாக நிறுவப்படவில்லை என்றும், உள்நாட்டு அனுபவத்தைத் தூக்கி எறிந்து வெளிநாட்டு உரிமத்தை நம்பியிருப்பது தவறு என்றும் கருதினார். 1977இல் மார்ஷலைத் தலைமை விஞ்ஞானிப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். 1978 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் டார்னஸிலும் லங்காஷயரின் ஹெய்ஷமிலும் வாயுக் குளிர்விப்பு உலைகள் கட்டப்படும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எதிர்காலத்தில் தேவைப்பட்டால் அழுத்த நீர் உலை ஒன்றையும் கட்டலாம் என்ற வழி திறந்தே வைக்கப்பட்டது. சைஸ்வெல் பி அணுமின் நிலையம் அந்த வழியில் வந்தது.

இந்த முடிவு சரியா? இரண்டு நிலையங்களும் 1988இல் மின்சாரம் தரத் தொடங்கி, எதிர்பார்த்த ஆயுளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொழில்நுட்பப் பந்தயத்தில் பென் முற்றிலும் தோற்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. அதே நேரத்தில், உலகில் வேறு எந்த நாடும் அந்த வகையைப் பின்பற்றவில்லை. ஒரே வகையைப் பல முறை கட்டித் தேர்ச்சி பெறும் வாய்ப்பைப் பிரிட்டன் இழந்ததும் உண்மை. செலவுக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் அவர்மீது சுமத்தும் குற்றத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

விண்ட்ஸ்கேல் விவகாரம் என்றால் என்ன?

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள விண்ட்ஸ்கேலில், இப்போது செல்லாஃபீல்டு என்று அழைக்கப்படும் இடத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கும் பெரிய ஆலை கட்டத் திட்டமிடப்பட்டது. ஜப்பானின் எரிபொருளையும் அங்கே கொண்டுவருவதாக இருந்தது. பிரிட்டன் உலகின் அணுக் குப்பைத் தொட்டியாகப் போகிறது என்று 1975 அக்டோபரில் டெய்லி மிரர் நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியதும் நாடு விழித்துக்கொண்டது.

பென் இங்கே செய்தது அக்கால வழக்கத்துக்கு மாறானது. மூடிய அறையில் அதிகாரிகள் தீர்மானித்துவந்த விஷயத்தை அவர் வெளிப்படையான விவாதத்துக்குக் கொண்டுவந்தார். ஆதரவாளர்களையும் எதிர்ப்பாளர்களையும் ஒரே மேடையில் பேச வைத்தார். 1976 செப்டம்பரில் பிரையன் ஃபிளவர்ஸ் தலைமையிலான அரச ஆணையம், கழிவைப் பாதுகாப்பாக வைக்கும் வழி தெரியும்வரை அணுமின்சாரத்தைப் பெரிய அளவில் விரிவாக்கக் கூடாது என்று எச்சரித்தது. அதே காலத்தில் விண்ட்ஸ்கேலின் பழைய கழிவுக் கிடங்கு ஒன்றில் கதிரியக்கக் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. துறை அமைச்சரான அவருக்கே அந்தச் செய்தி வாரக்கணக்கில் தாமதமாக வந்து சேர்ந்தது. அவர் கோபமடைந்ததில் வியப்பில்லை.

சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் ஷோர் பொது விசாரணைக்கு உத்தரவிட்டார். நீதிபதி ரோஜர் பார்க்கர் 1977 ஜூனில் ஒயிட்ஹேவன் நகரில் தொடங்கி நூறு நாள்கள் விசாரித்தார். அறிக்கை ஆலைக்குச் சாதகமாக வந்தது. நாடாளுமன்றமும் 1978 மே மாதம் ஒப்புதல் அளித்தது. பென் அதைத் தடுக்கவில்லை. 1994இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை 2018இல் மூடப்பட்டது.

அணுமின்சாரத்தை ஆதரித்தவர் பிறகு எதிர்ப்பாளராக மாறியது ஏன்?

ஒரே நாளில் மாறவில்லை. தாம் தலைமை தாங்கிய துறையிலேயே தம்மிடம் உண்மை சொல்லப்படவில்லை என்பது சிறிது சிறிதாக அவருக்குப் புலப்பட்டது. கசிவுச் செய்தி ஓர் உதாரணம். பிரிட்டனுக்கு வரும் யுரேனியம், தென்னாப்பிரிக்காவின் சட்டவிரோத ஆட்சியில் இருந்த நமீபியாவிலிருந்து வாங்கப்பட்டது இன்னொன்று. மின்சாரம் தயாரிப்பதற்காக என்று சொல்லப்பட்ட உலைகளின் புளூட்டோனியம் அமெரிக்காவுக்குச் சென்றிருந்தது என்பது பின்னர் வெளிவந்தபோது, அமைச்சராக இருந்த தமக்கே அது தெரிவிக்கப்படவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அவருடைய எதிர்ப்பின் வேர் கதிர்வீச்சு பற்றிய அச்சத்தைவிட, கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தின்மேல் கொண்ட அவநம்பிக்கையில்தான் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வலியுறுத்தி வந்தார்: உங்களுக்கு என்ன அதிகாரம் உண்டு, அது எங்கிருந்து கிடைத்தது, யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், உங்களை நாங்கள் எப்படி நீக்குவது? அணுசக்தித் துறையில் இருந்தபோது இவற்றில் ஒன்றுக்கும் அவருக்கு நேரான பதில் கிடைத்ததில்லை. எனினும், பதவியில் இருந்தபோது எழுந்த ஐயங்களைப் பதவி போன பிறகே உரத்துச் சொன்னார் என்ற குறை உண்டு. அவரை மிகவும் மதிப்பவர்களும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலக்கரித் தொழிலாளர்களுக்கு அவர் நன்மை செய்தாரா?

விடை கலவையானது. சுரங்கங்களில் முதலீட்டைப் பெருக்க 1974இல் அரசும் நிலக்கரி வாரியமும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த திட்டத்தை அவர் உறுதியாகத் தாங்கிப் பிடித்தார். யார்க்ஷயரின் டிராக்ஸ் நிலக்கரி மின்நிலையத்தின் இரண்டாம் பகுதியை 1977இல் முன்கூட்டியே தொடங்கச் செய்ததும் அவர் காலத்தில்தான்.

ஆனால் உற்பத்திக்கு ஏற்ப ஊக்கத்தொகை தரும் திட்டத்தையும் அவர் ஆதரித்தார். நாடு தழுவிய வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் அதை நிராகரித்த பிறகு, வட்டாரம் வட்டாரமாக அது நடைமுறைக்கு வந்தது. எளிதில் வெட்டக்கூடிய படுகைகள் உள்ள நாட்டிங்காம்ஷயரில் கூலி உயர்ந்தது. கடினமான படுகைகள் உள்ள வேல்ஸ், ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் அவ்வாறு உயரவில்லை. 1984இல் வேலைநிறுத்தம் வெடித்தபோது நாட்டிங்காம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள். அந்தப் பிளவுக்குக் காரணங்கள் பல. ஊக்கத்தொகை அவற்றுள் ஒன்று என்பதை மறைக்க முடியாது.

1979க்குப் பிறகு?

தொழிற்கட்சி தோற்றது. மார்கரெட் தாட்சர் அரசு, தேசிய எண்ணெய்க் கழகத்தின் உற்பத்திப் பிரிவைப் பிரிட்டாயில் என்ற பெயரில் 1982இல் விற்றது. 1981இல் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு டெனிஸ் ஹீலியை எதிர்த்துப் போட்டியிட்ட பென், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். 1983இல் பிரிஸ்டலில் தொகுதியையும் இழந்தார். 1984 மார்ச் 1 அன்று டார்பிஷயரின் செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில் வென்று திரும்பினார். அது சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. வேலைநிறுத்தம் அந்த மாதமே தொடங்கியது. அதன் ஓராண்டு முழுவதும் அவர்களுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் சென்று பேசினார். 2001இல் நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்று, போர் எதிர்ப்பு இயக்கத்தில் இறுதிவரை ஈடுபட்டு, 2014 மார்ச் 14 அன்று காலமானார்.

இன்றைய பிரிட்டிஷ் எரிசக்திக் கொள்கையில் அவருடைய சுவடு உண்டா?

உண்டு, ஒரு நேரடி நூலிழையும் இருக்கிறது. 2024 ஜூலையில் எரிசக்தித் துறை அமைச்சரான எட் மிலிபாண்ட், பள்ளி மாணவராக இருந்தபோது பென்னின் அலுவலகத்தில் வேலை பழகியவர். அவர் கொண்டுவந்த சட்டத்தின்படி, அபர்டீனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் பிரிட்டிஷ் எனர்ஜி என்ற அரசு நிறுவனம் 2025இல் சட்டப்பூர்வமாக நிலைபெற்றது. காற்றாலை, சூரிய மின்சாரம் போன்ற திட்டங்களில் அரசின் சார்பில் முதலீடு செய்வது அதன் வேலை. தனியார் நிறுவனங்களின் உற்பத்தியில் 51 விழுக்காட்டை வாங்கும் உரிமை அதற்கு இல்லை. ஒவ்வொரு கடல் காற்றாலையிலும் கட்டாயப் பங்காளியாக அமர்ந்து உள்ளிருந்து கேள்வி கேட்கும் இருக்கையும் அதற்கு இல்லை. 1976இல் பென் பேச்சுவார்த்தை நடத்திப் பெற்ற அந்த இருக்கை இன்னும் காலியாகவே கிடக்கிறது.